பழைய சாகாவும் துருவின் வேதியியலும்

பழைய கார் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் வீட்டிலேயே சரிசெய்து ஓட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். சாவியைத் திருப்பி இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தம் சீராக இருந்தால் பேரம் தொடங்கிவிடும். ஆனால் இயந்திரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் ஓட்டுநரின் கால் படும் இடத்தில் உள்ள தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அந்தக் காரின் விலையைப் பற்றிப் பேசும் முன் நிறைய யோசிக்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு மிகவும் ஏற்ற வண்டி முதல் தலைமுறை புரோட்டோன் சாகாதான். 1983 மே 7-ஆம் நாள் தொடங்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம், 1985 ஜூலை 9-ஆம் நாள் முதல் சாகாவை வெளியிட்டது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோர் காரை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது அது. முதல் சாகா தேசிய அரும்பொருளகத்துக்குப் போய்விட்டது. அதன் உடன்பிறப்புகள் சில ஜொகூர் தாமான்களின் வீட்டு வாசல்களில் இன்னும் நிற்கின்றன. சில ஓடுகின்றன, சில செங்கல் மேல் உட்கார்ந்திருக்கின்றன.

வீட்டில் பழுதுபார்க்க அது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் எளிமை. 4ஜி13 எனப்படும் அதன் 1,298 சிசி இயந்திரத்துக்குப் பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். கணினி எதுவும் கிடையாது. ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலானவற்றைக் கழற்றி மாட்டிவிடலாம். பாகங்களும் உதிரிபாகக் கடைகளிலும் பழைய கார்களை உடைத்து விற்கும் ஹாஃப்கட் கடைகளிலும் தேடினால் கிடைக்கும். இயந்திரம் கனத்த வார்ப்பிரும்பு. எண்ணெயில் குளித்துக்கொண்டே இருப்பதால் உள்ளே எளிதில் துருப்பிடிக்காது. மோசமானால் இன்னொன்றை வாங்கிப் பொருத்தலாம்.

உடலை அப்படி மாற்ற முடியாது. லாரிக்கும் பழைய லேண்ட் ரோவருக்கும் கீழே கனத்த இரும்புச் சட்டம் ஒன்று தனியாக இருக்கும். உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். சாகாவுக்கு அப்படிச் சட்டம் இல்லை. தரை, கூரை, கதவுக்குக் கீழே பெட்டிபோல் நீளமாக ஓடும் சில் என்ற பகுதி எல்லாம் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள அந்தத் தகடுகளை மடித்து ஒட்டவைத்த வடிவமே காரின் பலம். முட்டை ஓட்டைப்போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். இருக்கைப்பட்டை பொருத்தப்பட்டிருப்பதும் இந்தத் தகட்டில்தான். விபத்தில் உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டிய பட்டை, துருப்பிடித்த தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்?

எங்கள் தாமானில் ஒருவர் பளபளவென்று சிவப்புச் சாயம் பூசிய 80களின் சாகா ஒன்றை வாங்கிவந்தார். டயர் மாற்ற ஜாக்கை வைத்து ஏற்றினார். கார் எழவில்லை, ஜாக்கின் தலைதான் சில்லுக்குள் பிஸ்கட்டை உடைத்ததுபோல் நுழைந்தது. சாயத்துக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் துருத்தூள். இரும்பு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஜாக் தேவையில்லை. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சில், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவின் கீழ்விளிம்பு ஆகியவற்றில் ஒட்டிப் பாருங்கள். பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் காந்தம் வழுக்கி விழும்.

துரு என்பது காற்று பட்டு இரும்பு "கெட்டுப்போவது" என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சின்ன பேட்டரி. ஐந்தாம் படிவ வேதியியலின் முதல் அத்தியாயத்தில் இதற்கு அழகான சோதனை உண்டு. நாம் வீட்டில் இனிப்பாகச் செய்யும் அதே அகார்-அகாரை, சர்க்கரைக்குப் பதில் பொட்டாசியம் ஹெக்சாசயனோஃபெரேட்(III), பினாப்தலீன் என்ற இரண்டு இரசாயனங்களைக் கலந்து காய்ச்சி, இரும்பு ஆணிகள் மேல் ஊற்ற வேண்டும். மறுநாள் பார்த்தால், இரும்பு கரையும் இடம் கருநீலமாகவும், ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் இடம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ஒரே ஆணியில் இரண்டு நிறங்கள்! ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரானை இழக்கிறது. அது உலோகம் வழியாக ஓடி இன்னோர் இடத்தில் ஆக்சிஜனைச் சேர்கிறது. நடுவில் உள்ள ஈரம் சுற்றை முடித்துவைக்கிறது. ஈரம் இல்லையென்றால் பேட்டரி வேலை செய்யாது.

நீலம் பெரும்பாலும் ஆணியின் தலையிலும் கூர்முனையிலும் தோன்றும். அவை தொழிற்சாலையில் அடித்து நசுக்கப்பட்ட இடங்கள். காரிலும் மடித்த விளிம்புகளே முதலில் போகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில்தான் இரும்பு கரைகிறது. ஒரு நீர்த்துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் தாராளம், நடுவில் பஞ்சம், குழி விழுவது நடுவில். சேறு அப்பிய இடம், இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கு, ஈரத் தரைவிரிப்பின் அடிப்பகுதி எல்லாமே அந்தத் துளியின் நடுப்பகுதி போன்றவைதாம். அதனால்தான் திறந்த கூரையைவிட மூடிய இடுக்கு வேகமாக அழிகிறது.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேல் படிந்து துரு வேகமெடுக்கும். நம் ஊரில் இரவில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மெர்சிங், பொந்தியான் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரிக்கு வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்கு வெள்ளம். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கி மூழ்கியதையும், 2023 மார்ச்சில் பத்து பஹாட், யோங் பெங் பகுதிகள் தண்ணீரில் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. இருக்கைப்பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவுபவர்கள் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். சேற்று நீரின் கோடு அதில் அப்படியே இருக்கும்.

அதே ஆணிச் சோதனையில் ஓர் ஆணிக்குச் செம்புக் கம்பியும் இன்னோர் ஆணிக்கு மெக்னீசிய நாடாவும் சுற்றுவோம். செம்பு சுற்றியது அதிகமாகத் துருப்பிடிக்கும். மெக்னீசியம் சுற்றியதில் நீலமே தோன்றாது. இரும்புக்குப் பதில் மெக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு வேலை செய்வதும் இப்படித்தான். நம் தாத்தாக்கள் தோட்டத்தில் பார்த்த, மேலாளர்கள் ஓட்டிய லேண்ட் ரோவரில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1948-இல் அது வந்தபோது பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். துருவே பிடிக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அலுமினியம் இரும்புச் சட்டத்தைத் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தபோது, இரும்புக்காக அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது.

சரி, பிடித்த துருவை என்ன செய்வது? கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு, அதாவது தாங்கிகள், கொண்டிகள், சாதாரணத் திருகுகள் போன்றவற்றுக்கு, வீட்டிலேயே மின்பகுப்பு செய்யலாம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். பாகத்தின்மேல் குமிழிகள் எழும். சில மணி நேரத்தில் துரு தளர்ந்து, பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பாகக் கழன்று வரும். புதிய வகைத் தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் இயங்கும். இதற்குப் பழைய வகையே உதவும்.

இதில் சில எச்சரிக்கைகளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழும் குமிழி ஹைட்ரஜன். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, மின்சாரத்தை நிறுத்தாமல் கைவிடக் கூடாது. நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைப் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் சேர்மமாக நீரில் கரையும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். அலுமினியப் பாகத்தைச் சோடா நீரே அரித்துவிடும். சுருள்வில்லையும் உயர்பலத் திருகுகளையும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்கும்படி செய்துவிடும்.

வாளிக்குள் போகாத தரைத்தகட்டுக்கு, சுரண்டிய பிறகு துரு மாற்றித் திரவம் பூசுகிறார்கள். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து, எளிதில் கரையாத கறுப்புப் படலமாகிறது. இது நமக்குப் புதிதல்ல. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியபோது நடந்ததும் இதே வினைதான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. ஆனால் இந்தத் திரவம் மேலோட்டமான துருவுக்குத்தான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் சாயம் கொப்புளிக்கிறது. கொப்புளத்தைக் குத்தினால் திருப்புளி உள்ளே போய்விடுகிறது என்றால், அங்கே மாற்றுவதற்கு இரும்பே மிச்சமில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். சில்லிலும் இருக்கைப்பட்டை பொருத்தும் இடத்திலும் அந்த வேலையை அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். அங்கே ஃபைபர் துணியும் பட்டியும் வைத்து மூடி விற்பவரை நான் ஏமாற்றுக்காரர் என்றே சொல்வேன்.

தண்ணீர் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தர அளவு. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 பாகைதான். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அந்த வெப்பம் வந்துவிடலாம். எண்ணெய் கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. பல ஆண்டுகள் நின்ற காரில் மற்ற எதைத் தொடும் முன்னும் இந்த எண்ணெயை மாற்றுங்கள். 80களின் பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூளை ஊதவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும்.

பெட்ரோல் டாங்கிக்குள்ளும் இரவுக் குளிரில் நீர் படிந்து துருவாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஆனால் காலி டாங்கியை வெல்டிங் செய்ய நினைக்காதீர்கள். காற்றில் 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பற்றும், காலி டாங்கியில் அது தாராளமாக இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடும் வீட்டில், வாசலில் டாங்கியைத் திறந்து வைத்திருப்பது என்ன விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை. காருக்கு அடியில் படுப்பதாக இருந்தால், ஜாக்கை மட்டும் நம்பாமல் ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். மேலே இருப்பது ஏறக்குறைய ஒரு டன்.

2009-இல், 15 ஆண்டு கடந்த வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. வசதி குறைந்தவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சோதனையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது வேறு. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் ஒருமுறை பார்க்கிறது. அதன் பிறகு பத்தாண்டுகள் அந்தத் தகட்டின் அடியில் நடப்பதை உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். இயந்திரத்தை மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றிவிட்டுப் பின்னால் திண்டாடுபவர்கள் உண்டு.

செலவில்லாத வேலைகளே துருவுக்கு அதிகம் வலிக்கும். கதவின் கீழ்விளிம்பிலும் சில்லிலும் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். சேறோ புதிய சாயமோ அவற்றை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். தரைவிரிப்பை நனைக்கும் மழைநீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அலசுங்கள். மூடிய இடுக்குகளுக்குள் தெளிக்கும் மெழுகு ஒரு டப்பா வாங்கிவைத்தால் பல ஆண்டுகளுக்கு உதவும். பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடுவது மட்டும் வேண்டாம். வெளியே மழையை நிறுத்தும் அதே உறை, தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துக் காரை அவித்துவிடும். பழைய எஞ்சின் எண்ணெய் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு. கால்வாயில் ஊற்றாமல், டப்பாவில் அடைத்து, எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.