ஒரு வைஸ்ராய், இரண்டு புகைப்படங்கள்

லிட்டன் பிரபுவின் கம்பீரமான படத்தைத் தனியாகப் பார்த்தால் பாதி வரலாறுதான் தெரியும். மீதிப் பாதி அதே காலத்துச் சென்னை மாகாணப் படங்களில் இருக்கிறது.

அலங்கார நாற்காலி, கனத்த பதவி அங்கி, அடர்ந்த தாடி. படத்தில் இருப்பவர் ஒரு கவிஞர். நாவலாசிரியர் எட்வர்ட் புல்வர் லிட்டனின் மகன். 'ஓவன் மெரிடித்' என்ற புனைபெயரில் எழுதியவர். பிரதமர் டிஸ்ரேலி அவரை 1876ல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக அனுப்பினார். 1877ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்தப் படத்தை எடுத்தது அன்றைய புகழ்பெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்டு ஸ்டூடியோ.

அந்த ஆண்டின் முதல் நாளில்தான் டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்தார் லிட்டன். சமஸ்தான மன்னர்கள், யானைகள், கொடிகள், விருந்துகள். அதே நாட்களில் தெற்கே மக்கள் சாலையோரம் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1876ல் மழை பொய்த்திருந்தது. தமிழர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் தாது வருஷப் பஞ்சம் அது.

தானிய விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. நிவாரணச் செலவைக் குறைக்க அவர் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். உழைப்பவன் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்த பிறகே கூலி உயர்ந்தது. பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம் என்பது பரவலான மதிப்பீடு.

லிட்டனுக்காகப் பரிந்து பேசுபவர்களும் உண்டு. மழை பொய்த்தது அவர் குற்றமல்ல. தடையற்ற வாணிபம் அக்கால லண்டனின் வேதவாக்கு. 1877ல் சென்னைக்கு நேரில் வந்தார். 1878ல் அவர் அமைத்த பஞ்சக் கமிஷனே பின்னாளின் பஞ்ச நிவாரண விதிகளுக்கு அடிப்படை என்பது அவர்கள் வாதம். இவை உண்மைதான். ஆனால் அந்த விதிகள் வந்தபோது, செத்தவர்கள் செத்திருந்தார்கள்.

இரண்டாவது படத்துக்கு வருவோம். சென்னை ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் பஞ்சத்தின்போது எடுத்தவற்றில் ஒன்று. விலா எலும்புகள் எண்ணக்கூடிய ஆண்கள், பெண்கள், குழந்தைகள், காமிராவுக்கு முன் ஒரு குழுவாக. அன்றைய காமிராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். வைஸ்ராய் தன் விருப்பப்படி அசையாமல் இருந்தார். இவர்களை இருக்கவைத்தார்கள். படம் எடுத்தவரும் கறை படியாதவரல்ல: பர்மாவில் மரண தண்டனைக் காட்சிகளைப் படம் பிடித்ததற்காக 1886ல் விசாரணைக்கு ஆளானவர் இதே ஹூப்பர். ஆனாலும் அரசு அறிக்கைகள் எண்ணிக்கையாகச் சொன்னதை முகங்களாகக் காட்டியவை இந்தப் படங்கள்தான்.

லிட்டனுக்கு இன்னொரு முகமும் உண்டு. இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறிவைத்து 1878ல் சட்டம் கொண்டுவந்தவர் அவர். ஆங்கில ஏடுகளுக்கு அது பொருந்தாது. வங்காளத்தின் அமிர்த பஜார் பத்திரிகா அதிலிருந்து தப்ப ஆங்கிலத்துக்கு மாறியது. தன் படத்துக்குக் கீழே மற்றவர்கள் என்ன எழுதலாம் என்பதையும் வைஸ்ராயே தீர்மானிக்க விரும்பினார். அடுத்து வந்த ரிப்பன் பிரபுவின் காலத்தில் சட்டம் ரத்தானது.

இரண்டு படங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உடையிலோ உடம்பிலோ இல்லை. லிட்டன் படத்தின் கீழ் பெயர், பட்டம், பதவி எல்லாம் உண்டு. ஹூப்பரின் படங்களில் இருப்பவர்களுக்குப் 'பஞ்சத்தில் அடிபட்டோர்' என்பதே பெயர். அவர்கள் எந்த ஊர், என்ன தொழில், படம் எடுத்த பிறகு சோறு கிடைத்ததா, எதற்கும் பதில் இல்லை. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' தாது வருஷத்தைத் தமிழில் பதிவு செய்தது. ஆனால் படத்தில் உள்ளவர்களுக்குப் பெயர் சொல்ல எவரும் இல்லை. வைஸ்ராயின் படத்தை அச்சிடும் பாடநூல்கள், எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெயரற்றவர்களுக்கும் இடம் ஒதுக்கலாம்.