உங்களுக்குத் தெரியுமா? சார்மினாரும் துவரங்காடும் ஒருகாலத்தில் ஒரே தொகுதி!

ஹைதராபாத் மக்களவைத் தொகுதி என்றதும் சார்மினாரும் லாட் பஜார் வளையல் கடைகளும்தான் கண்முன் வரும். ஆனால் 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் துவரைக்கும் தரையில் பாவும் கல்லுக்கும் பேர்போன தாண்டூரும் இதற்குள்தான் இருந்தது, விகாராபாத், சேவெள்ளாவும்கூட. 2009 தேர்தலில் மூன்றும் புதிய சேவெள்ளா தொகுதிக்குப் போய்விட்டன. ஹைதராபாத்துக்கு மிஞ்சியவை ஏழும் நகரத் தொகுதிகள்.

அதே மறுசீரமைப்பில் பிறந்த பக்கத்துத் தொகுதி மல்காஜ்கிரி. வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரியது. 2019-இல் அங்கே 31 லட்சம் வாக்காளர்களுக்கு மேல். லட்சத்தீவிலோ 60 ஆயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் தலா ஒரு எம்.பி.தான். தீவுக்குத் தனிக்குரல் அவசியம்தான். ஆனால் மல்காஜ்கிரிக்காரரின் ஓட்டு இவ்வளவு மெலிந்துபோவது நியாயமே இல்லை. எல்லை வரைந்தது 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. நகரமோ அதன்பின் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது.