திறப்பு யார் கையில்?

அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே பெறும் கட்டுக்கரைக் குளம், மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வயல்களுக்கும் அதன்கீழுள்ள சிறுகுளங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆயினும் அதன் துருசைத் திறக்கும் உரிமை எல்லாருக்கும் பொதுவானதன்று. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் தண்ணீர் விடுவது என்பவற்றை அரசாங்க அதிபர் தலைமையில் கமக்காரரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிக்கின்றனர். கதவைத் திறந்து மூடும் பொறுப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. தத்தம் வாய்க்காலுக்கு வந்த நீரைப் பயன்படுத்துவதே கமக்காரரின் உரிமை. ஒரே கணினித் தொகுதியைப் பல அலுவலகங்கள் பகிர்ந்துகொள்ளும்போதும் இதே வகையான பங்கீடு இன்றியமையாததாகிறது.

கோப்புகளைச் சேமிக்கவும் நிரல்களை இயக்கவும் அலுவலகந்தோறும் தனி இயந்திரம் வைத்திராமல், வேறிடத்திலுள்ள பெருங்கணினித் தொகுதியை இணையத்தின் வழியே பலரும் பயன்படுத்துவது மேகக் கணிமை எனப்படும். அதில் கடவுச்சொல், உள்ளே வருபவர் யார் என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. வந்தவர் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எதை அழிக்கலாம் என்பதை வரையறுப்பது அனுமதி. ஆயிரக்கணக்கானோருக்கு ஆளாளுக்குத் தனித்தனியே அனுமதி எழுதிவைத்தால், எவரிடம் எது உள்ளதென்று நாளடைவில் ஒருவருக்கும் தெரியாமற் போகும். ஆகவே அனுமதிகளைப் பணிப்பங்குகளோடு பிணைத்து, அப்பங்குகளை ஆட்களுக்கு வழங்கும் முறையை அமெரிக்கத் தேசியத் தர நிறுவகத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992இல் முறைப்படுத்தி வெளியிட்டனர். இம்முறையில், உரமானியப் பட்டியலில் பெயர் சேர்க்கும் இலிகிதர் கொடுப்பனவுக்கு ஒப்புதல் அளிக்க முடியாது. ஒப்புதல் அளிப்பவர் பெயர் சேர்க்க முடியாது. கணக்காய்வாளர் அனைத்தையும் வாசிக்கலாம், ஆனால் ஓர் எழுத்தையேனும் மாற்ற இயலாது. இலிகிதர் வவுனியாவுக்கு இடமாற்றம் பெறும் நாளில் அந்தப் பங்கை அவரிடமிருந்து நீக்கினால், அதனோடு வந்த அனுமதிகளும் ஒருங்கே நீங்கிவிடும்.

ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையானதற்கு மேல் எந்த உரிமையும் இருத்தலாகாது என்ற நெறியை, ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இலேயே தெளிவாக வகுத்திருந்தனர். இது ஆட்களின் நேர்மையை ஐயுறும் நெறியன்று. கணினியில் ஒரு நிரல் பொதுவாகத் தன்னை இயக்குபவரின் உரிமைகளையே பெற்று இயங்குவதால், தவறான இணைப்பொன்றை அறியாமல் திறக்கும் நல்ல அலுவலரின் கையாலேயே, அவர் தொடக்கூடிய கோப்புகள் அனைத்தையும் தீநிரல் தொட்டுவிடும். அவர் நிர்வாகியாக இருப்பின் தொகுதி முழுவதுமே அதன் கைக்குள் போய்விடும்.

இத்தகைய தீநிரலால் நேரும் இழப்பின் அளவை இலங்கை 2023இல் நேரிற் கண்டது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் பொறுப்பிலிருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்னும் அரச மேகக் கணினித் தொகுதியை, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் தீநிரல் அவ்வாண்டு ஆகஸ்டில் தாக்கியது. தொகுதி 12 மணி நேரத்துக்குள் மீட்கப்பட்டபோதிலும், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப்பிரதி இல்லாததால், அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் அக்காலத் தரவுகள் மறைந்தன. மின்னஞ்சலை இயக்கிய மென்பொருள், தயாரிப்பாளரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்துபோன மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பு.

மென்பொருளைப் புதுப்பிப்பதும் நாள்தோறும் பிரதி எடுப்பதும் கட்டாயம் செய்யவேண்டியவை; எனினும் பிரதியை அழிக்கும் அனுமதி எவரிடம் உள்ளது என்பதே பங்குப் பிரிப்பின் மிகக் கடினமான பகுதி. அன்றாட நிர்வாகியிடம் அவ்வனுமதியும் இருப்பின், அவரது கணக்கைக் கைப்பற்றியவருக்கு மூலமும் பிரதியும் ஒரே அடியில் அழிக்கக் கிடைக்கின்றன. ஆகவே பிரதி எழுதும் பங்குக்கு எழுதும் உரிமை மட்டும் தந்து அழிக்கும் உரிமையை மறுப்பதும், குறித்த நாள்வரை எவராலும் அழிக்கவியலாதவாறு பிரதியைப் பூட்டுவதும், பூட்டின் காலத்தை மாற்ற இருவரின் ஒப்புதலை வேண்டுவதும் இன்று கைக்கொள்ளப்படும் வழிகள். இவ்வளவு செய்தும் ஓர் அலுவலகத்தில் நால்வர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வார்களாயின், அழித்தவர் யாரென்று பதிவேட்டைப் புரட்டும்போது அங்கே ஒரே பெயர்தான் இருக்கும்.