அம்மா எத்தனை மணிக்கு வந்து சேருவா?

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட எண்ணும் குடும்பங்கள் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள். எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம்? அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் தாங்களே ஊருக்குப் போனால் அந்த அந்தஸ்துக்கே பாதகம் வரலாம். ஆகவே பல வீடுகளில் வயதான அம்மாதான் தனியே புறப்பட வேண்டியிருக்கிறது.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே, பூமிப்பந்தின் மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 14,500 கிலோமீற்றர், அதாவது 9,000 மைல். நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் வழியே வந்தால் 2,700 உம் 13,600 உம். டுபாய் வழியே வந்தால் 3,300 உம் 13,000 உம். கூட்டிப் பாருங்கள்: கிழக்கால் வந்தாலும் மேற்கால் வந்தாலும் ஏறக்குறைய 16,300 கிலோமீற்றர்தான். பறக்கும் நேரம் சுமார் 20 மணித்தியாலம். இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு முழு நாள். எனவே தூரத்தைப் பார்த்து வழியைத் தெரிவு செய்யவேண்டாம். எத்தனை இடத்தில் விமானம் மாறவேண்டும் என்று பாருங்கள்.

சான்டா கிளாராவுக்குப் பக்கத்திலேயே சான் ஹொசே விமான நிலையம் இருக்கிறது. அங்கேயே இறக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதற்காக லொஸ் ஏஞ்சல்சில் மாறவேண்டி வந்தால், வழமையாக அங்கேயே குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அது பெரும்பாடு. அதைவிட, 101 ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 30 மைல் நீங்கள் ஓடிப்போய் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டிவருவது மேல்.

இனி நேரக் கணக்கு. ரிக்கற்றில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். இலங்கை எங்களுக்கு 13½ மணித்தியாலம் முந்தியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12½.

உதாரணமாக, சனவரியில் கொழும்பில் ஞாயிறு காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு, இங்கே அதே ஞாயிறு இரவு 8.30க்கு இறங்குவதாக இருந்தால், பயணம் பத்தரை மணித்தியாலம் அல்ல. 13½ ஐக் கூட்டுங்கள், 24 வரும். திரும்பிப் போகும்போது கழிக்கவேண்டும். வெள்ளி இரவு 10.00 மணிக்கு ஏறினால் ஞாயிறு காலை 11.30க்கு இறங்கலாம். 37½ இல் 13½ போக, அதே 24.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் இரவுப் பயணம் இதில் சேரவில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் அம்மாவானால் இந்தக் கணக்கு மிக முக்கியம். வழியில் எத்தனை வேளை மருந்து, எந்த நேரத்தில் என்று வைத்தியரிடம் முன்பே கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

முழுப் பயணத்துக்கும் ஒரே ரிக்கற்றாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் இடையில் பெட்டியை வெளியே எடுக்கவும், அந்த நாட்டு விசா கேட்கப்படவும் இடமுண்டு. பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று சொல்லுங்கள். அதற்குக் கட்டணமில்லை, கூட்டிச்செல்ல ஓர் ஆளும் வருவார்.

விமானம் இறங்கிய பின்னும் அம்மா வெளியே வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம். பதறாமல் நில்லுங்கள். இங்கே யூலை இரவும் குளிரும். கையில் ஒரு சுவெற்றர் இருக்கட்டும்.