தண்ணீரைக் குத்தகைக்கு விடலாம், பொறுப்பை?

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் முதல் வேண்டுகோள் கடற்கரைக்குப் போகவேண்டும் என்பதே. கடற்கரையை அடைந்ததும் இரண்டாவது வேண்டுகோள் பிறந்துவிடும். "அப்பா, படகில் ஏறுவோமா?" துறையிலே வர்ணம் தீட்டிய படகு ஒன்று அசைந்தாடிக்கொண்டு நிற்கும். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்லுவார் படகுக்காரர். தந்தை பேரம் பேசுவார். தாய் கைக்குழந்தையை இறுக அணைத்துக்கொள்ளுவாள். மூத்த பிள்ளைகள் அதற்கிடையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த ஆரவாரத்திலே ஒரு கேள்வியை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. இப்படகு இத்துறையில் ஓடலாமென்று அனுமதி கொடுத்தவர் யார்? இத்தனை பேரைத்தான் ஏற்றலாம் என்று கணக்கிட்டவர் யார்?

கேட்பதற்கு இது சிறு கேள்விதான். ஆனால், விடை கிடைக்காமற் போன இடங்களிலே பெற்ற வயிறுகள் எரிந்திருக்கின்றன. கடலும் களப்பும் குளமும் தனி ஒருவரின் சொத்தல்ல. ஊர்மக்கள் அனைவருக்கும் பொது. அப்பொதுச் சொத்தைப் பேணும் கடமை நாட்டளவில் அரசாங்கத்துக்கும் ஊரளவில் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியது. அந்தக் கடமை எத்துணை விரிவானது என்பதை அறியவேண்டுமானால், சேற்று நிலமொன்றைப் படகுத் துறைமுகமாக மாற்றிய ஓர் உள்ளூராட்சிச் சபையின் வரலாற்றை நாம் சற்றே நோக்கவேண்டும்.

சேற்றிலே எழுந்த துறைமுகம்

உல்லாசப் படகுகளையும் பாய்ப் படகுகளையும் கட்டி நிறுத்துவதற்கென்றே அமைக்கப்படும் சிறு துறைமுகத்தை மேல்நாட்டார் 'மரீனா' என்பர். சென்னைக் கடற்கரைக்கும் அப்பெயர் உண்டெனினும் அங்கே இத்தகைய துறைமுகம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடுத்துள்ள 'மரீனா டெல் ரே' என்னும் துறைமுகமோ, மனிதர் கையால் வெட்டப்பட்ட சிறுபடகுத் துறைமுகங்களுள் மிகப் பெரியனவற்றில் ஒன்றாகும்.

முன்னர் அவ்விடம் பலோனா என்னும் ஓடை கடலோடு கலக்கும் சதுப்பு நிலமாகக் கிடந்தது. நீர்ப்பறவைகளும் நாணற் புதர்களுமே அதன் குடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அங்கு வர்த்தகத் துறைமுகமொன்றை அமைக்க முயன்ற தனியார் கூட்டமொன்று பணத்தை இழந்ததுதான் மிச்சம். பின்னர், லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி என்னும் மாவட்ட ஆட்சிச் சபை அந்த முயற்சியைத் தன் தோளில் ஏற்றது. 1954ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம் ஒன்றினால் மத்திய அரசாங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. 1957 டிசம்பரில் வேலை தொடங்கிற்று.

வேலை முற்றுப்பெறுமுன்னரே சோதனையும் வந்தது. 1962-63ஆம் ஆண்டு மாரிகாலத்திலே எழுந்த புயல் அலைகள், திறந்திருந்த வாயிலினூடாக உட்புகுந்து படகுகளையும் மேடைகளையும் மோதிச் சிதைத்தன. கோடிக்கணக்கான பொதுப்பணம் தண்ணீரிலே கிடந்தது. சபையார் கைகட்டி நிற்கவில்லை. அவசர அவசரமாகத் தற்காலிகத் தடுப்புச் சுவர்களை எழுப்பினர். அதே வேளையில், மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பேர்க் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலே துறைமுகத்தின் மாதிரி அமைக்கப்பட்டு, அலைகளின் போக்கு பரிசோதிக்கப்பட்டது. அதன் பயனாக, வாயிலுக்கு எதிரே கடலுக்குள் 2,300 அடிக்கு மேற்பட்ட நீளமுடைய அலைதடுப்பு அணை கட்டப்பட்டது. அதன் பின்னரே, 1965 ஏப்ரல் 10ஆம் திகதி, துறைமுகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

இன்று அதன் பரப்பு ஏறக்குறைய 800 ஏக்கர். அதிலே பாதி நீர். எட்டுப் படகுத் தடாகங்களிலே ஆயிரக்கணக்கான படகுகள் கட்டி நிற்கின்றன.

விற்கவில்லை, குத்தகைக்கே விட்டனர்

நாம் கவனிக்கவேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. கவுண்டிச் சபை அந்த நிலத்தைத் தனியாருக்கு விற்றுவிடவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. பெரும்பாலான குத்தகைகளின் காலம் அறுபது ஆண்டு. மாளிகை கட்டினாலும் உணவுச்சாலை நடத்தினாலும் படகுமேடை அமைத்தாலும் குத்தகைகாரர் வருமானத்தில் ஒரு பங்கைச் சபைக்கு வாடகையாகச் செலுத்தவேண்டும். நிலமும் நீரும் மக்களுடையவை. ஆகையால் அவற்றின் பயனும் மக்களுக்குச் சேரவேண்டுமென்பதே இதன் தத்துவம்.

துறைமுகத்தை நிர்வகிக்கத் தனித் திணைக்களம் உண்டு. ஆலோசனை கூறச் சிறுபடகுத் துறைமுகக் குழு ஒன்றும் இருக்கின்றது. அதன் கூட்டங்கள் பகிரங்கமாகவே நடைபெறுகின்றன. சாதாரணப் பிரஜையும் எழுந்து தன் கருத்தைச் சொல்லலாம். நீர்ப்பரப்பிலே கவுண்டியின் காவற் படகுகள் சுற்றிவருகின்றன. 1976ஆம் ஆண்டின் கரையோரச் சட்டத்துக்குப் பின்னர், மாநிலத்தின் கரையோர ஆணைக்குழுவும் மேலிருந்து பார்த்துக்கொள்ளுகின்றது. குத்தகைகாரரைச் சபை கண்காணிக்க, சபையை ஆணைக்குழு கண்காணிக்க, எல்லோரையும் மக்கள் கண்காணிக்க வழி செய்யப்பட்டிருக்கின்றது.

இத்தனை ஏற்பாடிருந்தும் அங்கே குறைகள் இல்லாமல் இல்லை. துறைமுகத்துக்காகச் சதுப்பு நிலத்தின் பெரும் பகுதி அழிந்தது. எஞ்சியதைக் காப்பாற்றப் பிற்காலத்தார் பெரிதும் போராட வேண்டியதாயிற்று. பொதுமக்களின் உல்லாசத்துக்கென்று வாங்கிய நிலத்திலே செல்வர்களின் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன என்றும், சிறு படகுகளுக்குரிய இடங்கள் குறைந்து பெரிய படகுகளுக்கே இடம் ஒதுக்கப்படுகின்றது என்றும் பலர் முறையிட்டு வந்துள்ளனர். அம்முறைப்பாடு முற்றும் பொய்யல்ல. எனினும், நிலம் பொதுச் சொத்தாக இருப்பதனாலேயே அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கின்றது. விற்றுவிட்ட வீட்டிலே கூரை ஒழுகுகின்றதென்று பழைய உடையவன் கேள்வி கேட்க முடியுமா?

வாடகைப் படகும் பரீட்சையும்

துறைமுகம் கட்டுவது ஒரு வேலை. அதிலே ஓடும் படகுகளைக் கட்டுப்படுத்துவது மற்றொரு வேலை. பின்னையதுதான் கடினம்.

கலிபோர்ணியாச் சட்டம் இதுபற்றி விரிவாகக் கூறுகின்றது. 26 அடிக்கு மேற்படாத படகு ஓடும்பொழுது, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்கவேண்டும். 'ஜெட் ஸ்கீ' என்னும் நீர்ச்சறுக்கு மோட்டார்களிலே ஏறுவோர் எவ்வயதினராயினும் அங்கி அணியவேண்டும்; சூரியன் மறைந்த பின்னர் அவற்றை ஓட்டுதல் கூடாது. நீந்துவோருக்கு 100 அடி தூரத்துக்குள் வரும் இயந்திரப் படகு மணிக்கு ஐந்து மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது. இயந்திரப் படகோட்டிகள் பரீட்சையில் தேறி அட்டை பெறவேண்டுமென்ற விதி 2018இல் இளையோரிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிந்து, 2025 ஜனவரி முதல் எல்லா வயதினரையும் கட்டுப்படுத்துகின்றது.

ஆனால், இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. வாடகைப் படகை ஓட்டுபவருக்கு இந்த அட்டை தேவையில்லை! சொந்தப் படகு வைத்திருப்பவன் துறையை அறிந்தவன், அவனுக்குப் பரீட்சை. ஒரு மணி நேரத்துக்கு வாடகை கொடுத்து ஏறுபவன் ஊருக்குப் புதியவன், நீரோட்டத்தின் போக்கை அறியாதவன். அவனுக்குப் பரீட்சை இல்லை. இரண்டு நாள் விடுமுறையில் வரும் உல்லாசப் பிரயாணியைப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்ப முடியாதென்பது மெய்தான். அப்படியானால் அவனுக்கும் ஆபத்துக்கும் இடையே நிற்பவர் யாவர்? படகை வாடகைக்குக் கொடுப்பவரும், அவருக்குத் துறையிலே இடங்கொடுத்த சபையுமேயாவர். படகைப் பரிசோதிப்பதும், ஓட்டுபவனுக்கு வழி சொல்லிக்கொடுப்பதும், காற்று எழும்போது 'இன்று படகு இல்லை' என்று மறுப்பதும் அவர்கள் கடமை. அனுமதிப் பத்திரத்திலே அவற்றை எழுதி வைப்பதோடு, எழுதியபடி நடக்கின்றதா என்று போய்ப் பார்ப்பதும் சபையின் கடமையே.

பத்திரம் இருந்தது, பார்வை இல்லை

போய்ப் பார்க்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அயல்நாடான இந்தியாவிலே நெஞ்சைப் பிளக்கும் சான்று ஒன்று உண்டு. குஜராத் மாநிலத்தின் வடோதரா நகரிலே ஹர்ணி ஏரி என்று ஒரு நீர்நிலை இருக்கின்றது. அதனை உல்லாசத் தலமாக்கி நடத்தும் பொறுப்பை மாநகரசபை 2017ஆம் ஆண்டில் ஒப்பந்தத்தின் மூலம் தனியாரிடம் கொடுத்தது. 2024 ஜனவரி 18ஆம் திகதி பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு அங்கே சுற்றுலா வந்தார்கள். படகு கவிழ்ந்தது. பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டனர். கொள்ளக்கூடிய தொகைக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர் என்பதும், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன.

மாநில உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. படகோட்டியை மாத்திரம் அது கேள்வி கேட்கவில்லை, ஒப்பந்தகாரரோடும் நிற்கவில்லை. தகுதியற்றவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது எவ்வாறென்று மாநகரசபை நிர்வாகத்தையே கேட்டது. ஏரியைக் குத்தகைக்கு விட்டதனால் சபையின் பொறுப்பும் குத்தகைக்குப் போய்விடவில்லை என்பதே அக்கேள்வியின் பொருள்.

படகு ஏன் கவிழ்கின்றது?

மாணவர்கள் இங்கே ஒரு விஞ்ஞான உண்மையை அறிந்துகொள்ளல் நன்று. படகு தன் பாரத்துக்குச் சமமான நீரை விலக்கி மிதக்கின்றது. பாரம் ஏற ஏறப் படகு தாழ்ந்து, அதன் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையேயுள்ள உயரம் குறைகின்றது. அப்பொழுது சிறு அலையும் உள்ளே புகும். புகுந்த நீர் ஒரு பக்கத்திலே நில்லாது. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, அந்தச் சாய்வை மேலும் வளர்க்கும். மக்கள் எழுந்து நின்றாலோ மேல்தட்டில் கூடினாலோ புவியீர்ப்பு மையம் உயர்ந்து படகின் உறுதி குன்றும். எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் சொல்லவே வேண்டியதில்லை. 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி கேரளத்தின் தேக்கடி ஏரியிலே இரு தட்டுப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, கரையிலே தோன்றிய விலங்குகளைப் பார்க்கப் பிரயாணிகள் ஒரு பக்கமாகக் கூடினர் என்று கூறப்பட்டது. ஆகவே, 'இன்னும் இரண்டு பேர் ஏறினால் என்ன?' என்னும் பேச்சு தாட்சணியம் பற்றியதன்று. அது பெளதிக விதியோடு போடும் சூதாட்டம்.

நம்முடைய கரையிலே

பிறநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எண்ணவேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிலே, குறிஞ்சாக்கேணி நீர்ப்பரப்பைக் கடந்த இழுவைப் படகு கவிழ்ந்ததை நாம் மறக்கவில்லை. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. உல்லாசத்துக்காக அன்று, பாடசாலைக்குப் போவதற்காகவே பிள்ளைகள் அதில் ஏறினார்கள். சிலர் திரும்பவில்லை. அந்தப் படகு ஓட எவர் அனுமதித்தார், எவர் பரிசோதித்தார் என்ற கேள்விகள் அன்றைக்குத்தான் உரத்து எழுந்தன. உயிர் போனபின் கேட்ட கேள்விகளை உயிர் இருக்கும்போதே கேட்டிருக்கக் கூடாதா?

களப்புகளிலும் ஆறுகளிலும் படகுச் சவாரி பெருகிவரும் இந்நாளிலே கேட்பதற்கு நமக்கு வழியும் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகின்றது. உங்கள் ஊர்த் துறையிலே ஓடும் படகுக்கு அனுமதிப் பத்திரம் உண்டா, அதிலே எத்தனை பேர் என்று எழுதப்பட்டிருக்கின்றது, கடைசியாகப் பரிசோதித்த நாள் எது என்று எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். சுற்றுலா செல்லவிருக்கும் பாடசாலை அதிபரும் பெற்றோரும் ஒரு தாளிலே இம்மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பினால், அந்தத் தாளே ஒரு காவற் படகாகும்.

படகேறும் நாளிலும் செய்யவேண்டியது சிறிதுதான். பிள்ளைகளின் தலையை எண்ணுவதுபோல உயிர்காப்பு அங்கிகளையும் எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான அங்கி இல்லையாயின் ஏறவேண்டாம். ஏறிய பின்னர் எழுந்து நில்லாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தி சாய்ந்துவிட்டதாயின், வானம் கறுத்துவிட்டதாயின் மறுநாளுக்கு ஒத்திவையுங்கள். பிள்ளைகள் சிறிது நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். அது ஐஸ்கிறீமோடு தீர்ந்துவிடும்.

ஆழமறியாமல் காலை விடாதே என்றனர் நம் பெரியோர். அவர்கள் காலத்திலே ஆழத்தை அறிந்து சொல்லத் துறையிலே ஓர் ஓடக்காரர் இருந்தார். இன்று அந்த இடத்திலே நம்முடைய வாக்கினால் அமைந்த சபை இருக்கின்றது. ஆழத்தை அறிந்து சொல்லும்படி அதனைக் கேட்கவேண்டியவர்கள் நாமே.