வீட்டின் தரவு யார் பொறுப்பில்?

பெங்களூரில் வாழ்ந்துவந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, ஆதார்த் திட்டத்தை எதிர்த்து 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது அவருக்கு வயது 86. அவ்வழக்கிலிருந்து எழுந்த அடிப்படைக் கேள்விக்கு, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாக விடையளித்தது. அந்தரங்க உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் விதி காக்கும் வாழ்வுரிமையின் பிரிக்க இயலாத பகுதி என்பதே அவ்விடை. அரசின் தலையீட்டை முன்னிட்டுத் தொடங்கிய வழக்கு அது. ஆனால் அதே நகரத்தின் வீடுகளில் இன்று அந்தரங்கம் பெரும்பாலும் அரசாணையால் அன்று, வீட்டார் தாமே நிறுவிக்கொள்ளும் செயலிகளாலும் கருவிகளாலும் வெளியேறுகிறது.

விலையில்லாச் சேவையின் விலை

பணம் பெறாமல் வழங்கப்படும் செயலிக்கும் செலவு உண்டு. அச்செலவை ஈடுசெய்வது பெரும்பாலும் விளம்பரம். விளம்பரத்திற்கு மூலப்பொருள் பயனாளரைப் பற்றிய தரவு. ஆகவே ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழுப்பத்தக்க கேள்வி, இதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதாகும். கைவிளக்குச் செயலி ஒன்று தொலைபேசித் தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்குமாயின், அது விளக்கெரிப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை என்பதை உணரப் பெரும் தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை.

செய்திச் செயலிகளில் இக்கேள்வி சற்று நுட்பமானது. வாட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை இரு முனைகளுக்கிடையே மறையாக்கம் செய்தே அனுப்புகிறது; அதற்குப் பயன்படும் முறை சிக்னல் செயலியை உருவாக்கியோர் வகுத்ததே. எனவே செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தமட்டில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு, யார் யாரோடு எப்பொழுது பேசினர் போன்ற புறத் தகவல்களில் உள்ளது. நன்கொடையால் நடைபெறும் சிக்னல் இவற்றை ஏறத்தாழச் சேமிப்பதே இல்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தரவுக் கொள்கையை மாற்ற முனைந்தபோது இந்தியாவிலும் பலர் சிக்னலை நிறுவினர். எனினும் உறவினரும் அலுவலகக் குழுக்களும் பழைய இடத்திலேயே இருந்தமையால் இடமாற்றம் நிலைபெறவில்லை. ஒரு சேவையின் பயன் அதைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கும்போது, தனியொருவரின் நல்ல தேர்வு அவருக்கே முழுப் பயனைத் தருவதில்லை.

இந்நிலையை மாற்றக்கூடிய ஒரு கருவி சட்டத்தில் இடம்பெறாமல் போனது. நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த அறிக்கையும், 2019ஆம் ஆண்டு மசோதாவும், ஒருவர் தம் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமையை முன்மொழிந்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வுரிமை இல்லை. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். பயன்படுத்தத்தக்க வடிவில் பெற்றுச் செல்ல வேண்டுமெனக் கோருவதற்கில்லை. எனவே ஒரு செயலியை நிறுவுமுன்பே, அதிலுள்ளவற்றை வெளியே எடுக்க வழி உண்டா என்று பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பாகிறது.

சொந்த வழங்கி

உறவினரின் சம்மதத்தை எதிர்பார்க்க வேண்டாத துறையும் ஒன்று உண்டு. வீட்டு விளக்கு, கேமரா, புகைப்படத் தொகுப்பு, குடும்பக் கோப்புகள் ஆகியவற்றை எந்த நிறுவனத்தின் கணினியிலும் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள இயலும். இதற்கு வேண்டுவது இடைவிடாமல் இயங்கும் ஒரு சிறு கணினி. வழங்கி என்பது இதுவே. எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும் பழைய அலுவலகக் கணினியே இதற்குப் போதும். ஹோம் அசிஸ்டன்ட் (விளக்கு, உணர்கருவிகள்), நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகள்), இம்மிச் (புகைப்படங்கள்) ஆகியன மூல நிரல் வெளிப்படையாக உள்ள மென்பொருள்கள். உரிமக் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

வெளி நிறுவனத்தைச் சார்ந்திருப்பதில் உள்ள இடர் கற்பனையன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, அதன் சேவை 2016 மே மாதம் நிறுத்தப்பட்டதும், விலை கொடுத்து வாங்கியோரிடமே பயனற்றுப்போனது. வைஸ் நிறுவனக் கேமராக்களில் 2024 பிப்ரவரியில் நேர்ந்த கோளாற்றினால் ஏறத்தாழ 13,000 வாடிக்கையாளர்களுக்குப் பிறர் வீட்டுப் படங்கள் தென்பட்டன. இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்னும் விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ளது. அவ்விதி கருவியின் தரத்தை உறுதிசெய்யும். படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதை வாங்குவோரே கேட்டறிய வேண்டும்.

செலவைக் கணக்கிடுவது எளிது. 10 வாட் மின்சாரம் கொள்ளும் கணினி ஆண்டு முழுவதும் இயங்கினால் சுமார் 88 யூனிட் ஆகும். அதனினும் பெரிய செலவு நேரமும் கவனமும். மென்பொருளைக் காலந்தவறாது புதுப்பிக்க வேண்டும். மின்வெட்டைத் தாங்க ஒரு மின்கலச் சாதனம் வேண்டும். வட்டு பழுதடையும் நாள் எதுவெனத் தெரியாதாகையால் மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறு இடத்தில் என்ற நெறியைக் கைக்கொள்ள வேண்டும். இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி வழங்குவதால், வெளியூரிலிருந்து வீட்டு வழங்கியை அடைய வயர்கார்டு போன்ற பாதுகாப்பான இணைப்பையும், பெரும்பாலும் இடையில் ஒரு வெளிக் கணினியையும் அமைக்க வேண்டியிருக்கும். இவற்றைக் கவனிக்க ஒருவரும் இல்லாத வீட்டில், புதுப்பிக்கப்படாத சொந்த வழங்கியைவிட ஒரு நல்ல நிறுவனத்தின் கட்டணச் சேவையே பாதுகாப்பானது. தொழில்நுட்ப ஆர்வலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவர்; எனினும் 2016ஆம் ஆண்டின் மிராய்த் தாக்குதல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களையே படையாகத் திரட்டியது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

வாயிலில் நிற்போர்

பெங்களூரின் அடுக்ககங்களில் பிரச்சினை வேறோர் உருக்கொள்கிறது. இந்நகரிலேயே தோன்றி நாடெங்கும் பரவிய வாயிற்காவல் செயலிகளில் விருந்தினரின் தொலைபேசி எண், புகைப்படம், வாகன எண் முதலியன பதிவாகின்றன. வீட்டுப் பணிப்பெண் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார், எந்தெந்த வீடுகளில் வேலை செய்கிறார் என்பனவும் பதிவாகின்றன. செயலியைத் தேர்ந்தெடுப்போர் குடியிருப்போர். பதியப்படுவோரோ பெரும்பாலும் வேலைக்கு வருவோர். மறுத்தால் அவருக்கு வாயில் திறக்காது.

சட்டத்தின் நிலையை இங்கே சற்று ஊன்றி நோக்க வேண்டும். தனிநபர் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ இல்லத் தேவைக்காகவோ கையாளும் தரவுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே சமையலறையில் கேமரா வைத்து, அதன் பதிவுகளைச் சொந்த வழங்கியில் சேமிக்கும் இல்லத்தலைவருக்குத் தரவு நிறுவனங்களின் கடன்கள் இல்லை. அந்தரங்கத்தைக் காக்க நிறுவிய ஏற்பாடு வீட்டாரின் அந்தரங்கத்தையே காக்கும். அக்கேமராவின் எதிரே நாள்தோறும் பாத்திரம் துலக்குபவருக்கு அது எப்பாதுகாப்பையும் தருவதில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் நிலை வேறு. வெளி நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்தினாலும் சொந்த வழங்கியில் பதிவேட்டை வைத்தாலும், தரவின் நோக்கத்தையும் முறையையும் சங்கமே தீர்மானிக்குமாயின் பொறுப்பும் அதனுடையதே. தக்க பாதுகாப்பு ஏற்பாடின்றித் தரவு கசிந்தால் அபராதம் ரூ. 250 கோடி வரை செல்லலாம். தேவை முடிந்த தரவை அழித்தாக வேண்டும். ஒப்புதல் அளிப்பது எத்துணை எளிதோ அத்துணை எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். பணியளிப்பவரை இழப்பினின்று காப்பது போன்ற காரணங்களுக்கு ஒப்புதலின்றியே தரவைப் பயன்படுத்த 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் பணிப்பெண்ணை அமர்த்தியது வீடே அன்றிச் சங்கமன்று என்பதால், சங்கங்கள் அப்பிரிவின்கீழ் எளிதில் ஒதுங்க இயலுமா என்பது ஐயத்திற்குரியது. சட்டத்தின்கீழ் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கு அந்நாளிலிருந்து 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

அவகாசக் காலத்தில் சங்கங்கள் செய்யத்தக்கது பெருஞ்செலவுடையதன்று. விருந்தினர் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது எனப் பொதுக்குழுவில் முடிவு செய்யலாம். புகைப்படம் தேவைதானா, பெயரும் வீட்டு எண்ணும் போதுமா என ஆராயலாம். பணியாளரின் வருகைப் பதிவை அவரவரே பார்க்கவும் தவறு இருப்பின் திருத்தக் கோரவும் வழி செய்யலாம்; ஊதியப் பிடித்தம் குறித்த பூசல்களில் அப்பதிவு இன்று வீட்டாருக்கு மட்டுமே சான்றாக உள்ளது. தரவு சேகரிப்பது பற்றிய அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் எதிலுமோ பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கன்னடமும் தமிழும் தெலுங்கும் வங்காளமும் பேசும் பணியாளர் வந்துபோகும் பெங்களூர் வாயில்களில், ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய அறிவிப்பு அச்சட்டத்தை நிறைவு செய்யாது.