மணிமங்கலம்: வாதாபிக்கு முன் நடந்த போர்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே சில கிலோமீட்டர் போனால் மணிமங்கலம். பெரிய ஏரி, ராஜகோபாலப் பெருமாள் கோயில், சுற்றிலும் புதுப்புது மனைப்பிரிவுகள். தென்னாட்டையே நடுங்க வைத்த ஒரு படை ஏழாம் நூற்றாண்டில் புறமுதுகிட்ட களம் இது.

அந்தப் படை சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியுடையது. ஹர்ஷரையே நர்மதைக்குத் தெற்கே வரவிடாமல் தடுத்தவர் அவர். அவரோடு ஒப்பிட்டால் பல்லவ நாடு சிறியது. பல்லவ மன்னர் மகேந்திரவர்மனைத் தலைநகர் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்க வைத்ததாக 634-ஆம் ஆண்டு ஐஹோளே கல்வெட்டு பெருமை பேசுகிறது.

மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் காலத்தில் மறுபடியும் மோதல். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் அவர் வென்றதாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி, அதில் வெற்றி என்று எழுதினாராம்! மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே இருப்பதுதான் இதில் முக்கியம். மேற்கிலிருந்து வந்த படை தலைநகரையும் கடந்து உள்ளே புகுந்திருக்கிறது. இங்கே தோற்றிருந்தால் பல்லவர் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

எப்படி வென்றார்கள்? என் கணிப்பு இது: சாளுக்கியத் தலைநகர் வாதாபி, அதாவது இன்றைய பாதாமி, காஞ்சியிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 550 கி.மீ. அவ்வளவு தூரம் வந்த படைக்கு அரிசியும் யானைத் தீவனமும் அன்னிய மண்ணில்தான் கிடைத்தாக வேண்டும். பல்லவர்களுக்கோ ஏரியும் வாய்க்காலும் வயலுமான இந்த நிலம் அத்துப்படி. மழைக்காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் சிக்கித் தவித்தவர்களுக்கு, யானைப்படையோடு இங்கே நகர்வது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

அடைக்கலம் தேடி வந்த இலங்கை இளவரசர் மானவர்மனும் பல்லவர் பக்கம் நின்று போரிட்டார். பின்னாளில் நரசிம்மவர்மன் கப்பற்படை அனுப்பி, அவரை அனுராதபுர அரியணையில் ஏற்றினார்.

642 வாக்கில் வாதாபியே வீழ்ந்தது. அங்கே பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. நாம் கொண்டாடுவதெல்லாம் அந்த வெற்றியைத்தான். ஆனால் நாட்டைக் காப்பாற்றியது மணிமங்கலம்.

பகை அதோடு ஓயவில்லை. புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டு, காஞ்சியையும் பிடித்தார். நரசிம்மவர்மனின் பேரன் பரமேசுவரவர்மன் அவரைப் பெருவளநல்லூரில் முறியடித்தார். தாத்தாவின் மணிமங்கல வெற்றியைக் கூரம் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் இந்தப் பேரன்தான்.